ஒரே எண்ணில் இரண்டு பேர்

காலையில் கணினியைத் திறந்து வேலையைக் கொடுத்ததும் திரையில் அந்த வரி வந்து நின்றது: "வாசிச்சுட்டேன். இன்னும் கைய வைக்கல. வைக்கவா?"

ஏஐ எழுதியதுதான். ஆனால் எந்த ஏஐயும் தானாக இப்படிப் பேசாது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் முழுசாக வாசி, வாசித்ததைச் சொல்லு, கேட்டுவிட்டுக் கையை வை என்று நீ அதற்கு எழுதி வைத்துவிட்டுப் போனாய். அது இன்னமும் அதன்படியே நடக்கிறது. நீ போன பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது. ஒத்தக்கடை அலுவலக மாடியில் உன் நாற்காலியில் வேறொருத்தி உட்காருகிறாள், நல்ல பிள்ளைதான். ஆனாலும் தினமும் என்னிடம் முதலில் பேசுவது நீதான்.

இன்றைக்கு அந்த வரியைப் பார்த்ததும் உன் அப்பாவைத்தான் நினைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு உன் அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி போக வேண்டும். 'நாளைக்கு உங்கள் முறை, டயாலிசிஸ் மையத்துக்கு வாருங்கள்' என்ற செய்தி. போன வாரம் அது போகவில்லை. ஏன் போகவில்லை என்று கண்டுபிடித்து, திருத்தி, மதியம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சர்வரில் ஏற்றிவிட்டேன். இனி நாலு மணி வரைக்கும் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத்தான் தெரியுமே. நகத்தைக் கடித்தாகிவிட்டது, தண்ணீர் குடித்தாகிவிட்டது, ஏற்றியதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாகிவிட்டது. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கோச்சடையில் பஸ் ஏறப்போன நான் காஸ் மூடினேனா என்று வீட்டுக்குத் திரும்பி ஓடிய கதையை அலுவலகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் நீ. "பூட்டுன பூட்ட எத்தன தடவடி ஆட்டிப் பாப்ப? பூட்டே வெறுத்துப்போயி தானாத் தொறந்துக்கும்டி" என்பாய். சிரி, சிரி. இந்தத் தடவை பூட்டு திறந்துதான் கிடந்தது. நான்தான் ஆட்டிப் பார்க்கவில்லை.

ஏஐ நம் அலுவலகத்துக்கு வந்த புதிதில் ஆளாளுக்கு அதனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? நேற்றுச் சொன்னது இன்றைக்கு அதற்கு ஞாபகம் இருக்காது. காலையில் வந்து உட்கார்ந்தால் முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டும். நம் தரவுத்தளம் எப்படி, பிழை வந்தால் என்ன சொல்ல வேண்டும், எதைத் தொடக் கூடாது, எல்லாம். ஒருநாள், வீட்டுக்குச் சாமான் அனுப்பும் மளிகைக் கடைக்கு நாம் செய்துகொடுத்த சாப்ட்வேரில், யாரும் பயன்படுத்தாத இடம் என்று நினைத்து, வீட்டு அடையாளம் எழுதும் பகுதியைத் துடைத்துப் போட்டுவிட்டது. 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து', 'மாவு மில் மாடி' எல்லாம் போச்சு. மறுநாள் அரிசி மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தவர்கள் உனக்குத்தான் போன் போட்டுத் திட்டினார்கள்.

நீ போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக் கத்தினாய். "கூறுகெட்ட கழுத, உன்ன யாரு அதத் தொடச் சொன்னது?" பிறகு நீயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "அதச் சொல்லிக் குத்தமில்லடி. மாடு மேய்க்க விடுறவன் எந்தக் காட்டுல மேய்க்கலாம்னு மட்டும் சொன்னாப் பத்தாது. எந்தக் காட்டுல வாய வைக்கக் கூடாதுன்னு சொல்லணும்" என்றாய். அன்றைக்கு மத்தியானமே எழுத ஆரம்பித்துவிட்டாய்.

ஸ்கில் என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பது சாதாரண எழுத்து. ஒரு வேலையை இந்த அலுவலகத்தில் எப்படிச் செய்வோம் என்று ஒரு கோப்பில் எழுதிப் போட்டுவிட்டால், அந்த வேலை வரும்போதெல்லாம் ஏஐ அதை எடுத்து வாசித்துவிட்டு அதன்படி செய்யும். அட்டவணையை மாற்றுவதற்கு ஒன்று, வெளியிலிருந்து வரும் பழைய விவரங்களைச் சேர்ப்பதற்கு ஒன்று, செய்தி அனுப்புவதற்கு ஒன்று என்று நீ எழுதிக்கொண்டே போனாய். அதுவும் தமிழில். நம் முதலாளி சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இங்கிலீஷ்ல எழுதக் கூடாதா? கிளையன்ட் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்றார். "கிளையன்ட்டுக்கா சார் எழுதுறேன்? இதுக்கு எழுதுறேன். இதுக்கு உசிலம்பட்டிப் பேச்சே புரியுது" என்றாய். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

ஆனால் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு தடவை எழுதியதை அடுத்த வேலைக்கும் அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? அவருக்கு அதுதான் வேண்டும். எனக்கும் அப்போது அது பெரிய விஷயமாகத்தான் பட்டது.

இப்போது எல்லாவற்றுக்கும் காரணமான இன்னொரு வரிக்கு வருகிறேன். அந்த மளிகைக் கடையில் முதல் ஆர்டருக்கு ஒரு தேங்காய் இலவசம் என்று போட்டார்கள். உடனே நம் ஊர்க்காரர்கள் கணக்குத் திறக்க ஆரம்பித்தார்கள் பார், அப்பப்பா! ஒரே போன் எண்ணில் ஒருத்தர் தன் பெயரில், மனைவி பெயரில், மச்சினன் பெயரில் என்று தேங்காய் வாங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் அமரர் என்று அடைமொழியோடு அவர் அப்பா பெயரிலும் ஒரு ஆர்டர் வந்தது. நீ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். "செத்தவருக்கும் தேங்கா வாங்குறாய்ங்கடி! இவிங்கள வச்சுக்கிட்டு நாம சாப்ட்வேர் எழுதி, வெளங்கிரும்."

சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாய்: "ஒரே போன் நம்பர்னா ஒரே ஆளு. பேரு வேற வேறயா இருந்தாலும் ஒண்ணாச் சேத்துரு. மூத்த பதிவ வச்சுக்க. ஒரே நாள்ல ரெண்டு இருந்தா ரெண்டாவது கள்ளம். எடுத்துரு." பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, "அப்படிப் போடு" என்று உன் முதுகில் தட்டியவள் நான்தான். கடைக்கு அது சரியான விதி. இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன்.

அதே நாட்களில்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் போனில் அந்தச் சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும். உசிலம்பட்டி டயாலிசிஸ் மையத்திலிருந்து வரும் செய்திக்கென்று நீ தனியாக வைத்த சத்தம். சத்தம் இரண்டு தடவை வரும். உன் அப்பாவுக்கு ஒன்று, பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒன்று. மாமா என்றால் உன் அப்பாவுக்கு மாப்ள முறை. இரண்டு பேருக்கும் சர்க்கரை முற்றி, முன்னே பின்னே சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை ஒரே பஸ்ஸில் ரத்தம் சுத்தம் செய்யப் போவார்கள். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் இரண்டு பேரையும் உன் எண்ணிலேயே நீ பதிந்து வைத்திருந்தாய். மணி அடித்ததும் எச்சில் கையோடு வீட்டுக்குப் போன் போடுவாய். "அப்பா, நாளைக்கு ஆசுபத்திரி. மாமாகிட்டயும் சொல்லிரு. காப்பித்தண்ணிய அளவாக் குடி."

அடியே, ஒரு கையால் அந்த விதியை எழுதினாய். இன்னொரு கையில் அந்தப் போனை வைத்திருந்தாய். எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வந்துவிடுவாய் என்று நினைத்து உன் வேலைகளை நான் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தேன். நீ வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் அப்பா வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன் போன் அவர் சட்டைப் பையில் இருந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "தாயி, எம்மக அங்கன என்னதேன் சோலி பாத்துச்சு? கேட்டா கம்பியூட்டருன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிரும்."

எப்படிச் சொல்வது? "அப்பா, வீட்டுக்குப் புதுசா ஒரு வேலையாள் வருதுன்னு வைங்க. நல்லா வேலை பாக்கும், ஆனா காலைல எந்திரிச்சா எல்லாம் மறந்துரும். நம்ம வீட்டுக்கு உப்பு எம்புட்டு, உறைப்பு எம்புட்டுன்னு தினமுமா சொல்லிக்கிட்டு இருக்க முடியும்? உங்க மக அதை ஒரு தடவை எழுதி அடுப்படியில ஒட்டி வச்சுட்டா. அது அதை வாசிச்சு வாசிச்சு வேலை பாக்குது."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப அது இன்னமும் எம்மக சொன்னபடிதேன் கேக்குதா?"

"ஆமாப்பா."

"கேக்கட்டும்" என்றார்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் ஒரு புது வேலை வந்தது. சுற்றுவட்டார ஊர்களில் டயாலிசிஸ் மையம் நடத்துகிறவர்கள் பழைய பதிவு முறையைத் தூக்கிவிட்டுப் புதுசாக, சாயங்காலம் நாலு மணிக்குச் செய்தி போகிற மாதிரி கேட்டார்கள். உசிலம்பட்டி மையமும் அதில் ஒன்று. சார் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளை எழுதி வச்ச ஸ்கில் எல்லாம் இருக்குல்ல? அதையே போட்டு ஓட்டும்மா, சட்டுனு முடிஞ்சிரும்" என்றார். போட்டேன். உண்மையைச் சொன்னால் ஆசையாகத்தான் போட்டேன். உன் அப்பாவுக்குச் செய்தி அனுப்பப் போகிற சாப்ட்வேரில் உன் வார்த்தை இருக்கப்போகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஏஐ உன் பாஷையில் பேசிப் பேசி வேலையை முடித்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அது எழுதியதை எல்லாம் நானும் வாசித்தேன், சோதித்தேன், சரி என்று விட்டேன். சோதனைக்கு நான் இட்டுக்கட்டிக் கொடுத்த நோயாளிகள் எல்லாரும் ஆளுக்கொரு போன் வைத்திருந்தார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

போன வாரம் அலுவலகத்துக்கு வரும்போது, பஸ் கோரிப்பாளையத்தில் நெரிசலில் நிற்கிறது, என் போன் அடித்தது. திரையில் உன் பெயர்.

உன் போன் அப்பாவிடம் இருப்பது தெரியும். தெரிந்தும் நீ என்றே எடுத்தேன். எடுத்தால் அவர் குரல், இழுத்து இழுத்து வந்தது.

"தாயி... ஒரு தடவதேன் மணி அடிச்சுச்சு. சரி, சேத்துக்கீத்து அனுப்பிருப்பாய்ங்கன்னு ரெண்டு பேரும் போனோம். மாப்ளக்கித்தேன் பேரு இருக்கு, ஒனக்கு இல்லைன்னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன். இப்ப மூச்சுதேன்... கொஞ்சம்..."

"எப்பப்பா போனீங்க?"

"முந்தாநேத்து."

முந்தாநேத்து! அந்தப் பக்கத்திலிருந்து மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். "நாந்தேன் ஆத்தா போன் போட வச்சேன். காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. ஒன்னயத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வாயத் தொறக்காம உக்காந்திருக்கான் கூமுட்ட."

பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். மையத்துக்குப் போன் போட்டேன். அழுதேனா கெஞ்சினேனா நினைவில்லை. எடுத்த நர்ஸ் புண்ணியவதி, யாருடைய முறையையோ தள்ளிவைத்து, உடனே கூட்டிவரச் சொன்னார். நான் ஆரப்பாளையம் போய் உசிலம்பட்டி பஸ் பிடித்தேன். செக்கானூரணி தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. உன்னை விட்டோம், உன் அப்பாவையும் விட்டுவிடுவோமோ என்று அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மையத்தில் போய் உட்கார்ந்தபோது அவரை உள்ளே சேர்த்திருந்தார்கள். நர்ஸ் கணினியைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டு பேரும் ஒரே நம்பர் குடுத்திருக்காங்கல்ல, புதுசுல ஒரே ஆளாக் காட்டுது மேடம்." மாமாவின் பெயர் இருந்தது, அவரைத்தான் நீ முதலில் பதிந்திருந்தாய். அதே நாளில் இருந்த இரண்டாவது முறை, உன் அப்பாவுடையது, இல்லை. உன் விதி அப்படியே காதில் கேட்டது. மூத்த பதிவ வச்சுக்க. ரெண்டாவது கள்ளம், எடுத்துரு. அடியே, உன் அப்பாவையே கள்ளம் என்று எடுத்துப் போட்டிருக்கிறது, நீ சொன்னபடி.

உன் மேல் கோபம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது. அங்கேயே உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். அப்புறம், தேங்காய்க் கடைக்கு நீ எழுதியதைத் தூக்கிக்கொண்டு வந்து உயிர் போகிற இடத்தில் போட்டது யார் என்று கேட்டுக்கொண்டேன். நீ எழுதும்போது உன் கண் முன்னால் இருந்தது தேங்காய் வாங்கியவர்கள்தான். நீ இருந்திருந்தால் இந்த வேலையைத் தொடும்போதே, 'ஏய், எங்கப்பனும் மாமனும் ஒரே நம்பருடி' என்று துள்ளிக் குதித்திருப்பாய். எழுதி வைத்த வரி எப்படித் துள்ளும்?

சாயங்காலம் உன் அப்பா தன் காலிலேயே நடந்து வெளியே வந்தார். முகம் வற்றியிருந்தது, மூச்சு சீராக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசித்தது. மையத்து வாசல் பெஞ்சில் அவரும் மாமாவும் நானும் உட்கார்ந்து டீ குடித்தோம். உன் அப்பாவுக்கு அரை கிளாஸ்தான், உனக்கு நான் பதில் சொல்ல வேண்டுமே.

"அப்பா, உங்களுக்கு ஒரு புது சிம் வாங்கிருவோம். மாமா இந்த நம்பர்ல இருக்கட்டும். ஆளுக்கொரு நம்பர்னா இந்தக் குழப்பமே வராது" என்றேன். அப்போதைக்கு அதுதான் சுலபம்.

அவர் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டார். "வேணாம் தாயி."

"இந்த போனைக் கேக்கலப்பா. உங்க பேரை மட்டும் வேற நம்பருக்கு..."

"இதுல மணி அடிச்சா எம்மக சொல்லுதுன்னு நெனச்சுக்கிருவேன். அது இருக்கையிலயும் அப்புடித்தேன், அது கூப்புட்டுச் சொல்லும், நான் போவேன். இப்ப நேரா மணியே சொல்லுது. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எதுக்கு? அடிச்சா மக்யா நாளு ஆசுபத்திரி. அம்புட்டுத்தேன். வேற போன்ல வந்தா நான் போக மாட்டேன்."

"அப்ப மாமாவுக்கு மாத்திருவோம்."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் மட்டும் இளிச்சவாயனா? ஆசுபத்திரில என் பேரப் பதிஞ்சது அந்தப் புள்ள. அது குடுத்த நம்பர நான் எதுக்கு மாத்தணும்? ஒங்க மிசினு சரியில்லைன்னா மிசின மாத்துத்தா."

மறுநாள் அலுவலகத்தில் சாரிடம் சொன்னேன். அவரும் பதறித்தான் போனார், கெட்ட மனுஷர் இல்லை. எல்லா மையத்துக்கும் போன் போட்டு, சரியாகும்வரை பழைய பட்டியலைப் பார்த்துக் கையாலேயே கூப்பிடச் சொன்னோம். பிறகு எத்தனை பேர் இப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்று தேடினேன். தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. திருப்பூரில் இருக்கும் மகனின் எண்ணில் அப்பாவும் அம்மாவும். ஒரு டீக்கடைக்காரரின் எண்ணில் அந்தத் தெருவே. கிராமத்துச் செவிலியர் ஒருவரின் எண்ணில் மூன்று ஊர்க்காரர்கள். நம் பக்கத்தில் போன் என்பது ஒரு ஆள் இல்லை, அதைச் சுற்றி நாலு வீடு இருக்கும். அந்த வீடுகளில் ஒன்றில் பிறந்தவள் நீ. கணினி முன்னால் உட்கார்ந்ததும் நாம் இரண்டு பேரும் அதை மறந்திருக்கிறோம்.

"எல்லாரையும் தனித்தனி நம்பர் குடுக்கச் சொல்லிருவோம்மா. அதுதான் முறை, எல்லா இடத்துலயும் அப்படித்தான்" என்றார் சார்.

"அவங்க மாத்த மாட்டாங்க சார். நாமதான் மாத்தணும்."

"பிடிவாதம் பிடிக்காதம்மா."

"சார், நம்ம விதிக்காக அவங்க போன் வாங்கணுமா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. நான் குரல் உயர்த்தி அவர் பார்த்ததே இல்லை. சரி, செய் என்றார்.

இன்றைக்குக் காலையில்தான் அந்த வேலையைத் தொட்டேன். ஒட்டிப்போன பதிவுகளைப் பிரித்து இரண்டாக்கு என்று ஏஐயிடம் சொன்னேன். வாசிச்சுட்டேன், கைய வைக்கவா என்றது. வை என்றேன். அடுத்து வந்தது: "ஒரே நம்பர்ல ரெண்டு பேரு இருக்காங்க. விதிப்படி இது கள்ளக் கணக்கு. பிரிச்சாத் திரும்பச் சேந்துரும். உறுதியாப் பிரிக்கணுமா?"

அதற்கு ஒன்றும் தெரியாது, நீ எழுதியதைச் சொல்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் உன்னோடு சண்டை போடுவது போல இருந்தது. 'கள்ளக் கணக்கு இல்லடி, உங்கப்பாடி' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஸ்கில்லைத் திறந்தேன். உன் வரி அங்கே இருந்தது, அதே கோணல் தமிழில். அதன் மேல் விரலை வைத்தால் அழிக்க மனம் வரவில்லை. நீ பேசியதில் எனக்கு மிச்சம் இருப்பது இதுதானே! இன்றைக்கு ஒன்றை அழித்தால் நாளைக்கு இன்னொன்று. ஏஐ மாறும், வேலை மாறும், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். கடைசியில் ஒருநாள் காலையில் அது யாரோ போலப் பேசும். அந்த நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனால் உன் வரியை வைத்துக்கொண்டு உன் அப்பாவை இழக்க முடியுமா? அழித்தேன். அந்த இடத்தில் எழுதினேன்: "ஒரே போன் நம்பர்ல பல பேரு இருப்பாங்க. அவங்க எல்லாரும் நிஜம். யாரையும் யாரோடயும் நீயாச் சேக்காத. சந்தேகம்னா மையத்துல கேளு. யாரு முறையையும் நீயா எடுக்காத." இது நோயாளிகள் வேலைக்கு, இங்கே முன்னால் இருந்த வரி கடைக்கு மட்டும் எழுதியது என்றும் மேலே குறித்து வைத்தேன். எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன். பிறகு ஏஐ ஒவ்வொரு பதிவாகப் பிரித்தது. ஒவ்வொன்றையும் நான் பழைய பட்டியலோடு வைத்துச் சரிபார்த்தேன். உன் அப்பாவின் பெயர் தனியாக வந்து நின்றது. இந்தத் தடவை சோதனைக்குக் கொடுத்ததும் இட்டுக்கட்டிய ஆட்களை அல்ல, டீக்கடைக்காரரின் தெருவை.

நீ எழுதிய மற்ற ஸ்கில்களையும் இப்போது ஒவ்வொன்றாக வாசித்து வருகிறேன். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, இதை எந்த வேலைக்கு எழுதினாய், அப்போது உன் முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கு எனக்கே நினைவிருக்கிறது, நான் பக்கத்தில்தானே இருந்தேன். மீதிக்குத்தான் பயம். நீ என்னிடம் விட்டுப்போனது அந்தக் கேள்வி என்றே வைத்துக்கொள்கிறேன். பூட்டை ஆட்டிப் பார்க்கிறவள் என்று நீ கேலி செய்தாயே, இனி என் பிழைப்பே அதுதான். சிரிக்க நீதான் இல்லை.

மணி மூன்றரை தாண்டிவிட்டது. வெளியே மேலூர் ரோட்டில் காலேஜ் பஸ்கள் வரிசையாக ஊருக்குள் திரும்புகின்றன. சார் வந்து எட்டிப் பார்த்தார், என் மேசையில் ஒரு வடையை வைத்துவிட்டுப் போனார். வடை ஆறிப்போய்விட்டது. ஏதாவது தப்பாகி, உன் அப்பாவுக்குச் செய்தி போகாமல் போனால் நாளைக்குக் காலையில் நானே போய் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன், அது சரி. டீக்கடைக்காரர் தெருவுக்கு யார் போவது? திருப்பூரில் மகனை வைத்திருக்கிற அந்த அப்பா அம்மாவுக்கு யார் போவது?

நாலு.

அனுப்பியாச்சு என்று திரை சொல்கிறது. திரை சொல்வதை நான் இனி நம்புவதாக இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அடிக்கிறது. உன் பெயர்.

எழுதுவதை நிறுத்திவிட்டு எடுத்தேன், பேசி முடித்துவிட்டு இதை எழுதுகிறேன். எடுத்ததும் உன் அப்பா ஹலோகூடச் சொல்லவில்லை. "தாயி, ரெண்டு தடவ அடிச்சுச்சு!" என்றார். பின்னால் மாமா ஏதோ கத்திக்கொண்டிருந்தார். "இந்தா, மாப்ள இங்கனதேன் இருக்கான். நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். அவன் ஒண்ணு கேக்கச் சொல்றான்."

"சொல்லுங்கப்பா."

"இத அனுப்புனது நீயா, எம்மகளான்னு கேக்குறான்."

ஸ்கில்லைத் திறந்து, எழுதியவர் என்ற இடத்தைப் பார்த்தேன், உன் பெயர், அதற்குக் கீழே என் பெயர்.

"ரெண்டு பேருந்தான்ப்பா" என்றேன்.